ஐசோலேட்டர் என்று விற்ற டப்பாவில் பிரிப்பே இல்லை: பணத்தைத் திருப்பித் தரவும்

அனுப்புநர்:
எடைமேடை உரிமையாளர்,
சித்தூர் சாலை, காட்பாடி,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சீரியல் போர்ட் ஐசோலேட்டர் குறைபாடு, நஷ்ட ஈடு கோருவது தொடர்பாக.

ஐயா,

எங்கள் லாரி எடைமேடையில் எடையைக் காட்டும் இண்டிகேட்டர் மேடையோரக் கேபினிலும், பில் போடும் கம்ப்யூட்டர் 15 மீட்டர் தள்ளி ஆபீஸ் அறையிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி எர்த். இங்கே பாறை மண். கோடையில் எர்த் குழிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வித்தியாசம் முழுக்க சீரியல் கேபிளின் கிரவுண்ட் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் பாயும். அதற்குப் பயந்துதான், இரண்டு பக்கத்தையும் கம்பித் தொடர்பு இல்லாமல் பிரித்து சிக்னலை மட்டும் கடத்த வேண்டிய உங்கள் ஐசோலேட்டரை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அட்டையில் '2500 வோல்ட் வரை பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

போன மாதம் ஒரு சாயங்காலம் இடி மழை. மறுநாள் காலை பையன் ஓடி வந்தான்: "அண்ணா, வண்டி மேடையில நிக்குது, ஸ்கிரீன்ல நம்பரே வரல." கேபினில் இண்டிகேட்டர் எடையைச் சரியாகவே காட்டியது. கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டர் போர்ட்டின் 2, 3 பின்களை (டேட்டா வாங்கும் பின், அனுப்பும் பின்) ஒரு கம்பியால் சேர்த்து டைப் அடித்துப் பார்த்தேன். அடித்த எழுத்து திரும்பி வந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் வரவில்லை. சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்க, அன்று முழுக்கக் கையால் பில் எழுதினோம்.

உங்கள் சர்வீஸ் ஆளிடம் சொன்னதற்கு, "சர்ஜ் வந்தா வாரண்டி கிடையாது சார்" என்று போனை வைத்துவிட்டார். சர்ஜுக்கு, அதாவது திடீரென எகிறும் வோல்டேஜுக்குப் பயந்து வாங்கிய பொருளுக்கு சர்ஜ் வந்தால் வாரண்டி இல்லையாம்!

அதன் பிறகுதான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஆப்டோகப்ளர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே 5 வோல்ட் அடாப்டரிலிருந்து சப்ளை. போர்டைத் திருப்பினால், ஆப்டோகப்ளர் ஐசியின் வயிற்றுக்குக் கீழேயே விரல் அகலச் செம்புப் பட்டை ஒன்று இந்தப் பக்கக் கிரவுண்டை அந்தப் பக்கக் கிரவுண்டோடு சேர்க்கிறது. இரண்டு பக்கத்து 5ஆம் பின்னிலும் (அதுதான் கிரவுண்ட்) மல்டிமீட்டர் வைத்தால் பீப் அடிக்கிறது, அதாவது இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆப்டோகப்ளர் வெளிச்சத்தால் சிக்னலைக் கடத்துவதே இரண்டு பக்கமும் கம்பியால் தொடக்கூடாது என்பதற்காகத்தானே? முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை.

இப்போது நானே ஒன்று செய்து மாட்டியிருக்கிறேன். 4என்35 என்ற ஆப்டோகப்ளர் ஒன்று, இண்டிகேட்டர் பக்கம் இருக்கும் அதன் எல்.ஈ.டி.க்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர், ரிவர்ஸ் வோல்டேஜில் எல்.ஈ.டி. போகாமல் இருக்கக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு. கம்ப்யூட்டர் பக்கம் தனி சப்ளையே வேண்டாம்: போர்ட்டின் 4ஆம் பின்னின் பாசிட்டிவ், ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு, எமிட்டர் 2ஆம் பின்னுக்கு, அங்கிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக, சும்மா இருக்கும்போது நெகட்டிவில் நிற்கும் 3ஆம் பின்னுக்கு. எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. எங்களுக்கு டேட்டா ஒரே திசையில், 2400 பாட் (நொடிக்கு 2400 பிட்) வேகத்தில்தான் வருகிறது. அதனால் ஒரு கப்ளர் போதும். நேரடியாக இடி விழுந்தால் இதுவும் போகும், தெரியும். ஆனால் 5ஆம் பின்களுக்கு இடையே மீட்டர் பீப் அடிப்பதில்லை.

ஐசோலேட்டரின் விலை 1,850 ரூபாய், புதிதாகப் போட்ட சீரியல் கார்டுக்கு 900 ரூபாய், இரண்டையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். அட்டையில் உள்ள அந்த '2500 வோல்ட்' வரியையும் எடுத்துவிடுங்கள்; அல்லது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி சப்ளை வைத்து விற்பனை செய்யுங்கள். இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன்.

டப்பாவைத் திறந்தபடியே வைத்திருக்கிறேன். ஆளை அனுப்புங்கள், மீட்டர் வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
எடைமேடை உரிமையாளர்,
காட்பாடி.

இணைப்பு: பில் நகல், போர்டின் இரண்டு பக்கப் படங்கள்.