பினாங்கு, செபராங் பிறை வட்டாரத் தமிழ்க் காப்புறுதி முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகவர்களுக்கு,

வணக்கம். பிறையில் ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் கணக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். உறவினரும் அக்கம்பக்கத்தாரும் புரியாத கடிதம் வந்தால் என்னிடம் கொண்டு வருவார்கள். அப்படிச் சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

என் மைத்துனர் லாரி ஓட்டுநர். 2013-இல் 55 வயது நிறைந்ததும், ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) இருந்த தொகை முழுவதையும் எடுத்து வங்கியில் போட்டார். அதிலிருந்து மாதம் 380 ரிங்கிட் சந்தாவில், மருத்துவமனைச் செலவை ஏற்கும் மருத்துவ அட்டையுடன் கூடிய முதலீடு சார்ந்த காப்புறுதி ஒன்றை எடுத்தார். அதை விற்றவர் எங்கள் உறவுக்காரப் பையன். "மாமா, 55-க்குப் பிறகு இபிஎஃப்-இல் வைத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது" என்று அவன் சொன்னபோது நானும் அந்த வீட்டில் காப்பி குடித்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் 54,720 ரிங்கிட் கட்டிய பிறகு, 67-ஆவது வயதில் நிறுவனத்திடமிருந்து வந்த கடிதம், மாதச் சந்தாவை 710 ரிங்கிட்டாக உயர்த்தாவிட்டால் சந்தாவில் வாங்கிக் கணக்கில் உள்ள யூனிட்டுகள், அதாவது முதலீட்டுப் பங்குகள், தீர்ந்து காப்புறுதி காலாவதியாகும் என்றது. விற்ற பையன் இந்தத் தொழிலை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

பிறப்புப் பத்திரங்களோடு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்த பழைய கொட்டேஷனை, அதாவது விற்கும்போது கொடுத்த உத்தேசக் கணக்குத் தாளை, எடுத்துப் பிரித்தேன். முதலீடு நன்றாக வளர்ந்தால் என்று போட்ட கூடுதல் வருவாய்க் கணக்கில், 65 வயதுக்கு நேரே உள்ள தொகையைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம். அதே வரிசையை, வளர்ச்சி குறைந்தால் என்று போட்ட குறைந்த வருவாய்க் கணக்கில் விரல் வைத்துத் தொடர்ந்து போனால், 68 வயதுக்குப் பிறகு தொகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தாம், அதாவது பணம் தீர்ந்துவிடும் என்று பொருள். ஆக, நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. வட்டம் போட்ட கைதான் அந்தப் பக்கம் போகவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத்தான் தெரிவதில்லை. முதல் சில ஆண்டுகளில் சந்தாவின் ஒரு பகுதி யூனிட் வாங்கப் போவதே இல்லை, கமிஷனுக்கும் நிர்வாகச் செலவுக்கும் போகிறது. மீதியில் வாங்கிய யூனிட்டுகளிலிருந்து ஒவ்வொரு மாதமும் காப்புறுதிக் கட்டணத்துக்காகச் சில விற்கப்படுகின்றன. அந்தக் கட்டணமோ வயதோடு ஏறிக்கொண்டே போகிறது. நாற்பது வயதில் எறும்பு தின்பதுபோல் இருப்பது எழுபதை நெருங்கும்போது எலி தின்பதுபோல் ஆகிவிடுகிறது. மருத்துவச் செலவு ஏறி நிறுவனங்கள் விலையை உயர்த்தும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, அத்தகைய உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பும்படி பணித்ததும், 60 வயதும் அதற்கு மேலும் ஆகித் தங்கள் திட்டத்தின் மிகக் குறைந்த பிரிவில் இருப்போருக்கு ஓராண்டு நிறுத்திவைக்கச் செய்ததும் ஆறுதலே. ஆனால் வயதுக்கேற்ற ஏற்றம் புதிதாக வந்ததன்று. அது முதல் நாளிலிருந்தே தாளில் இருந்தது.

ஊழியர் சேமநிதி பற்றிச் சொல்லப்பட்டதையும் விட்டுவிட முடியவில்லை. 55 வயதுக்குப் பிறகும் கணக்கில் விட்டுவைத்த தொகைக்கு இலாப ஈவு உண்டு. அன்று 75 வயது வரை இருந்தது, 2017 முதல் 100 வயது வரை நீட்டிக்கப்பட்டது. வாரியம் 2013-க்கு அறிவித்தது 6.35 விழுக்காடு, 2024-க்கு 6.30, இடைப்பட்ட காலத்தில் மிகக் குறைந்ததே பெருந்தொற்று ஆண்டான 2020-இன் 5.20 தான். மைத்துனர் பணத்தை அங்கேயே வைத்து, தேவைக்கு மட்டும் எடுத்திருந்தால் இந்தச் சந்தாவில் ஒரு பகுதியை ஈவே கட்டியிருக்கும்.

நீங்கள் பிழைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவ அட்டை இல்லாமல் தனியார் மருத்துவமனை வாசலில் முன்பணத்துக்காக நகையைக் கழற்றிய குடும்பங்களையும் நான் அறிவேன். காப்புறுதி வேண்டாம் என்று யாருக்கும் நான் அறிவுரை கூறியதும் இல்லை. நான் கேட்பது சிறியது. கையெழுத்து வாங்கும் முன், குறைந்த வருவாய்க் கணக்கில் 70, 75, 80 வயதுகளுக்கு நேரே உள்ள தொகையை வாங்குகிறவரின் விரலைப் பிடித்து வைத்துத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அங்கே கோடு இருந்தால், அன்று கூடுதலாக எவ்வளவு கட்ட நேரலாம் என்பதைக் கொட்டேஷனின் ஓரத்தில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். ஆவணம் கைக்கு வந்து 15 நாள்களுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம் என்பதை, அந்த 15 நாள்கள் கழிவதற்கு முன்பே சொல்லுங்கள்.

மைத்துனர் இப்போதைக்கு காப்புறுதியோடு சேர்த்திருந்த மற்ற இணைப்புகளை நீக்கி மருத்துவ அட்டையை மட்டும் வைத்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. உங்களுள் எவரேனும் அந்தத் தாளை என்னோடு உட்கார்ந்து பார்க்க விரும்பினால், பிஸ்கட் டின் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கெழுத்தர்,
பட்டர்வொர்த்