கட்டம் போட்டால் கட்டமைப்பு ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் கல்லூரி விளம்பரங்களில் தவறாமல் வரும் வரி, 'முன்னணி நிறுவனங்களுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம்'. மென்பொருள் கட்டமைப்பு, அதாவது ஒரு மென்பொருளை எந்தெந்தப் பகுதிகளாகப் பிரித்து எப்படி இணைப்பது என்ற பாடத்தைப் பொறுத்தவரை அவற்றில் பல ஆண்டுக்கொரு சிறப்புரை, ஒரு சால்வை, ஒரு குழுப்படத்தோடு முடிந்துவிடுகின்றன. பேச வருபவர் முப்பது ஸ்லைடு காட்டுவார். எல்லாவற்றிலும் கட்டங்கள், அம்புக்குறிகள். இந்தக் கட்டம் ஏன் இங்கே வந்தது, வேறு எதை யோசித்துக் கைவிட்டார்கள், கைவிட்டதால் என்ன நஷ்டம் என்பது எந்த ஸ்லைடிலும் இருக்காது. மாணவர்களுக்கு வேண்டியதோ அதுதான்.

ஓர் உதாரணம். பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியிடும் இணையதளத்தை வடிவமைக்கச் சொன்னால், இறுதியாண்டு மாணவர்களிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில் 'மைக்ரோசர்வீஸ், கிளவுட், ஆட்டோ ஸ்கேலிங்'. அதாவது சிறு சிறு சேவைகளாகப் பிரித்து, வாடகை சர்வர்களில் ஓட்டி, கூட்டத்துக்கேற்பத் தானாகப் பெருக விடுவது. கணக்கு போடச் சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் ஏறக்குறைய 8 லட்சம். ஒருவரின் முடிவை வீட்டார், உறவினர் எனச் சேர்த்து மூன்று முறை பார்ப்பதாக வைத்துக்கொண்டால், முதல் 10 நிமிடத்தில் 24 லட்சம் கோரிக்கைகள், அதாவது விநாடிக்கு 4,000. டேட்டாபேஸுக்கு 100 இணைப்புகள், ஒரு தேடலுக்கு 50 மில்லிவிநாடி என்றால் விநாடிக்கு 2,000 பேருக்குத்தான் பதில் போகும். மீதி 2,000 பேர் வரிசையில். அரை நிமிடத்தில் அந்த வரிசை 60,000 ஆகிவிடும். பொறுமை இழந்தவர் ரெஃப்ரெஷ் அழுத்துவார். பழைய கோரிக்கை வரிசையிலேயே கிடக்க, புதியது ஒன்று பின்னால் சேரும். போய்விட்ட ஆளுக்காகவும் சர்வர் உழைத்துக்கொண்டிருக்கும். தளம் 'படுத்துவிட்டது' என்று நாம் சொல்வது பல நேரம் இதைத்தான்.

ஆனால் முடிவுகள் அன்று காலை மாறப்போவதில்லை. ஒவ்வொருவருக்கும் 3 கிலோபைட் பக்கத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்தால், 8 லட்சம் பக்கமும் சேர்ந்து 2.4 ஜிகாபைட். சாதாரண சர்வரின் நினைவகத்தில் அடங்கிவிடும், டேட்டாபேஸே வேண்டாம். அப்படியென்றால் முடிந்ததா? விநாடிக்கு 4,000 பக்கம் என்பது 12 மெகாபைட், அதாவது 96 மெகாபிட். 100 மெகாபிட் இணைப்பு அதிலேயே திணறும். நெருக்கடி டேட்டாபேஸிலிருந்து கம்பிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பதிவெண்ணையே கோப்பின் பெயராக வைத்தால், வரிசையாக எண்ணிக்கொண்டே போய் எல்லோருடைய மதிப்பெண்ணையும் யாரும் இறக்கிவிடலாம். பிறந்த தேதியைச் சேர்த்தாலும் ஒரே வயதினர் என்பதால் சில நூறு தேதிகளை முயன்றால் போதும். அதைத் தடுக்க ஒரு பதிவெண்ணுக்கு இத்தனை முயற்சிகள்தான் என்று எண்ணி வைக்க வேண்டும். எண்ணத் தொடங்கினால் பக்கம் தயாராக இருப்பதன் எளிமை கொஞ்சம் போய்விடும். வேகமும் பாதுகாப்பும் இப்படி ஒன்றையொன்று இழுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, எது முக்கியம் என்று எழுத்தில் முடிவு செய்வதுதான் கட்டமைப்பாளரின் வேலை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 2000-ல் வெளியிட்ட 'ஏடாம்' மதிப்பீட்டு முறை இந்த இழுபறிகளைத் தேடுவதற்கென்றே உருவானது.

இதைக் கற்பிக்க நிறுவனமும் கல்லூரியும் சேர்ந்து 15 வாரப் பாடம் ஒன்றை நடத்தலாம். நான்கு மாணவர் கொண்ட குழுக்கள். முதல் 5 வாரம் ஒரு மென்பொருளின் நிரலைப் படித்து அதன் உண்மையான கட்டமைப்பை அவர்களே வரையட்டும். ஆவணத்தில் உள்ள படத்தோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகாது என்பதே முதல் பாடம். அடுத்த 3 வாரம் முடிவுக் குறிப்புகள், அதாவது ஒரு வடிவமைப்பு முடிவை ஏன் எடுத்தோம் என்று எழுதி வைப்பது. மென்பொருள் பொறியாளர் மைக்கேல் நைகார்ட் 2011-ல் முன்வைத்த வடிவம் போதும்: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள், இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கைவிட்ட மாற்று வழி ஒன்றும், கெட்ட விளைவு ஒன்றும் இல்லாத குறிப்பைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாணவர்கள் சறுக்கும் இடம் இதுதான்: தேர்ந்தெடுத்த தொழில்நுட்பத்தின் நன்மைகளை மட்டும் விளம்பரம் போல எழுதுவார்கள். மீதி வாரங்கள் லோட் டெஸ்ட் (கோரிக்கைகளைக் குவித்து எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது), கடைசியில் நிறுவனப் பொறியாளர்கள் முன்னிலையில் ஆய்வு.

நடைமுறையில் இது முறியும் இடங்களும் தெரிந்தவையே. ரகசியக் காப்பு ஒப்பந்தம் நிறுவனத்தின் சட்டப் பிரிவைத் தாண்டி வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். எனவே முதல் ஆண்டு, நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருளை எடுத்துக்கொள்வது நல்லது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் இதைப் பல ஆண்டுகள் செய்து, மாணவர் குழுக்களின் ஆய்வுகளைத் தொகுத்தே வெளியிட்டிருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே பெங்களூரு ட்ரிபிள் ஐ.டி.யில் உருவான 'மோசிப்' டிஜிட்டல் அடையாளத் தளம் இருக்கிறது, நிறுவன நிர்வாக மென்பொருளான இஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது. நிறுவனத்தின் சொந்த எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், கோரிக்கை எண்ணிக்கையையும் சர்வர் திறனையும் ஒரே காரணியால் குறைத்துக் கொடுக்கலாம். கோரிக்கையை மட்டும் குறைத்தால் வரிசையே உருவாகாது, பாடமும் நடக்காது.

பொறியாளர் ஏழாம் வாரம் வேறு புராஜெக்டுக்குப் போய்விடுவது இன்னொன்று. தொடக்கத்திலேயே இரண்டு பேரை நியமித்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 3 மணி நேரம் என்றால் ஆளுக்கு 21 மணி நேரம். இதைக் கொடுக்க முடியாத நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே வேண்டாம்.

நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். வேலை நெருக்கடியில் தங்கள் பழைய முடிவுகளை அளந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. அமேசான் பிரைம் வீடியோவின் தரக் கண்காணிப்புக் குழு, தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருந்த தன் சேவையை ஒரே நிரலாகச் சேர்த்ததில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023-ல் எழுதியது. வீடியோவின் படச் சட்டங்களை (ஃபிரேம்களை) பகுதிக்குப் பகுதி சேமிப்பகம் வழியாகக் கடத்தியதும் அந்தச் செலவுக்கு ஒரு காரணம். இந்த மாதிரி அளவீடு நான்கு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் ஒரு செமஸ்டரில் முடிக்கக்கூடிய வேலை.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு தடை உண்டு. 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களை முனைவர் பட்டம் இல்லாமலே நியமிக்க யு.ஜி.சி. 2022-ல் வழி செய்தது. நல்லதுதான். ஆனால் எதிர்த்திசைப் பயணம், அதாவது ஆசிரியர் ஆறு வாரம் நிறுவனத்தில் போய் அமர்வது, அரிதாகவே நடக்கிறது. கோடையில் விடைத்தாள் திருத்தலும் சேர்க்கைப் பணியும் அவர்களைப் பிடித்துக்கொள்கின்றன. போகிறவர்களையும் பயிற்சி வகுப்பில் உட்கார வைக்காமல், கோளாறு நடந்த பிறகு கூடும் ஆய்வுக் கூட்டங்களில் உட்கார வைக்க வேண்டும்.

கடைசியாக வினாத்தாள். அண்ணா பல்கலைக்கழக முறையில் 2 மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. 'அடுக்குக் கட்டமைப்பைப் படத்துடன் விளக்குக' என்று 13 மதிப்பெண்ணுக்குக் கேட்டால் மனப்பாடம்தான் வரும். அந்த ஒரே ஒரு 15 மதிப்பெண் கேள்வியிலாவது மேலே சொன்னது போல எண்களைக் கொடுத்து, கணக்குக்கு 5, கைவிட்ட மாற்று வழிக்கான காரணத்துக்கு 5, தன் முடிவு எப்போது தோற்கும் என்று சொல்வதற்கு 5 எனப் பிரித்துக் கேட்க, பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது யோசிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் கட்டமைப்பாளர்,
கோயம்புத்தூர்.