குழுவை விட்டுவிடாதே, மக்ளே

அன்புள்ள மக்ளே,

படம் உறுதியாகிவிட்டது என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா தெருவில் யாரையும் சும்மா விடுவதில்லை. கதாநாயகனுக்குக் கூட்டாளி வேஷம், சிரிப்பு சீன்கள் மட்டும் என்றுதான் நீ சொன்னாய். அப்பா அதை இரண்டாவது கதாநாயகன் அளவுக்குக் கொண்டுபோய்விட்டார். அது கிடக்கட்டும். போனை வைக்கும் முன்னால் ஒன்று சொன்னாயே, நாடகக் குழுவிலிருந்து விலகிவிடலாம் என்று பார்க்கிறேன், சினிமாவுக்கு வந்தபிறகு அது எதற்கு என்று. அதற்குப் போனில் எனக்குப் பதில் வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் எனக்குக் கோவையாக வரும்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கதையைச் சொல்கிறேன், என் பதில் அதில்தான் இருக்கிறது. உங்கள் வயதுக்காரர்களுக்கு அவர் என்றால் சென்னை ஜி.என். செட்டி சாலையில் நிற்கிற சிலை. 1969 பொங்கல் சமயத்தில் அண்ணா அதைத் திறந்துவைத்தார், அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். நமக்கு அவர் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். மதுர பவனம் என்கிற அவர் வீடும் அங்கேதான். 1908-இல் பிறந்தவர், அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்தது. வீட்டில் வசதி இல்லை. நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்ற பையன், விற்றுக்கொண்டே மேடையைப் பார்த்துப் பழகினான். அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்துகொண்டான்.

அந்தக் காலத்து நாடகம் என்றால் பாட்டுத்தான். வசனம் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆர்மோனியத்தோடு சேர்ந்து பாட வேண்டும், மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும், அதாவது கதாநாயகன் கதாநாயகி வேஷங்களுக்கு, கதை துணை இருக்கும். சிரிக்கவைக்கிற பபூனுக்கு அதுவும் கிடையாது. முன்படுதாவுக்குப் பின்னால் அடுத்த சீனுக்குத் தட்டி மாற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தை முன்னால் நின்று ஒற்றை ஆளாக நிரப்ப வேண்டும். உள்ளே வேலை முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். ஜனம் சிரிக்கவில்லை என்றால் அங்கேயே அப்போதே வேறொன்றைப் பிடிக்க வேண்டும். "ஷாட்டுக்குப் போகும்போதுதான் வசனத்தையே கையில் கொடுக்கிறார்கள்" என்று நீ குறைப்பட்டுக்கொண்டபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அவர் சினிமாவுக்குப் போனதும் தனியாகப் போகவில்லை. 1935-இல் கம்பெனி போட்டுக்கொண்டிருந்த 'மேனகா' நாடகமே படமானது, ராஜா சாண்டோ இயக்கினார், அதில் இவரும் இருந்தார். அடுத்த வருஷம் 'சதிலீலாவதி'. இயக்கியவர் எல்லிஸ் டங்கன் என்கிற அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். எம்.ஜி.ஆருக்கும் டி.எஸ். பாலையாவுக்கும் அதுதான் முதல் படம். அங்கே புதுமுகமாக நின்ற இவர் தன் சிரிப்புப் பகுதியைத் தானே எழுதிக்கொண்டார். யாராவது எழுதித் தருவார்கள் என்று உட்கார்ந்திருக்கவில்லை. மேடையில் பபூன் அப்படித்தானே பழகியிருப்பான்!

பிறகு இதையே பெரிதாகச் செய்தார். சொந்தமாக ஒரு குழு வைத்து, நகைச்சுவைப் பகுதியைத் தனியாகத் தயார் செய்து, படமெடுக்கிறவர்களுக்குக் கொடுத்தார். பல படங்களில் கதைக்கும் அதற்கும் ஒட்டே இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கதை ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்கும், இவர் இன்னொரு பக்கம் தன் ஆட்களோடு வந்து போவார். ஆனால் இன்று போட்டுப் பார்த்தால் கதை மனதில் நிற்பதில்லை, இவர் நிற்கிறார்.

நடிகை டி.ஏ. மதுரத்தை அவர் சந்தித்தது 'வசந்தசேனா' படப்பிடிப்பில், புனேயில். சினிமாவில் ஜோடி, பிறகு வாழ்க்கையிலும். அவர்கள் இருவரும் பேசிக்கொள்கிற சீன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாதான் கண்ணில் வரும். வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலை வில்லில் தட்டி ஒரு வரி எடுப்பார். குடம் அடிக்கிறவர் "ஆமா" என்பார். அந்த "ஆமா" ஒரு நொடி முன்னால் விழுந்தாலும் கெட்டது, பின்னால் விழுந்தாலும் கெட்டது. சில நேரம் அது சம்மதமாக இருக்கும், சில நேரம் "அப்படியா சங்கதி?" என்கிற கிண்டலாக இருக்கும். மதுரம் சொல்கிற ஒவ்வொரு "ம்"மும் அந்த ரகம். அந்த அம்மா வெறுமனே தலையாட்டவும் இல்லை. பாதிக்குமேல் இவரை மடக்குவதே அவர்தான். வில்லுப்பாட்டை இவர் கடைசிவரை விடவில்லை. காந்தி கதையை வில்லில் பாடினார். வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்ததும் இவர்தான்.

நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அந்த ஜெயில் வருஷங்களை. பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் இவரையும் பிடித்தார்கள். ஆயுள் தண்டனை ஆனது. அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், திரும்ப ஐகோர்ட்டுக்கு வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. நல்ல மார்க்கெட்டில் இருந்த நேரம் அப்படியே போனது. அப்போது அவர் பெயரைப் பிடித்து நிறுத்தியது நாடகம்தான். மதுரமும் நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார்கள். அங்கே போட்ட 'பைத்தியக்காரன்' நாடகத்தைப் படமாக்கினார்கள், விடுதலையாகி வந்த இவரும் அதில் நடித்தார். ஜெமினி வாசன் எடுத்துக்கொண்டிருந்த 'சந்திரலேகா'விலும் இவருக்கும் மதுரத்துக்கும் வேஷம் கிடைத்தது. வெளியே வந்தவருக்கு வேலை காத்திருந்தது என்றால், இவர்கள் சபாவை மூடாமல் வைத்திருந்ததும் ஒரு காரணம் என்று நான் சொல்லுவேன். உனக்கு அப்படியொரு கஷ்டம் வேண்டாம், முருகன் காப்பான். ஆனால் படம் இல்லாத வருஷம் என்று ஒன்று எல்லா நடிகருக்கும் வரும்.

1949-இல் வந்த 'நல்லதம்பி' யூடியூபில் கிடைத்தால் பார். அண்ணா எழுதிய படம். அதில் கிந்தனார் காலட்சேபம் வரும், பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்வதுதான் காலட்சேபம். நந்தனார் கதையைக் காலட்சேபமாகக் கேட்டுப் பழகிய ஜனத்துக்கு முன்னால் இவர் அதே மாதிரி நின்று, கோயிலுக்கு ஏங்கிய நந்தனாருக்குப் பதில் படிப்புக்கு ஏங்குகிற ஒரு தாழ்த்தப்பட்ட வீட்டுப் பையனை வைத்துப் பாடினார். அவன் அடிபட்டு, பட்டணம் போய், படித்து, பள்ளிக்கூடத்தைச் சோதிக்கிற அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அந்தக் காலட்சேபத்தை எழுதியவர் உடுமலை நாராயணகவி. இவ்வளவு நீளமாக ஒருவர் நின்று கதை சொல்வதைச் சினிமாவில் விடுவார்களா? விட்டார்கள், ஏனென்றால் ஜனத்தை ஒரே இடத்தில் உட்காரவைக்க அவருக்குத் தெரியும். நான் டீச்சராக இருந்தபோது ஆண்டு விழாவுக்கு அதைப் பிள்ளைகளைப் போடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாட்டு வந்துவிடும். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் தாவுகிற இடத்தில்தான் எல்லோரும் விழுவார்கள். மேடையில் வருஷக்கணக்கில் நின்றால்தான் அந்தத் தாவல் வரும்.

அப்புறம் 'மணமகள்', 'பணம்' என்று தானே இயக்கவும் செய்தார். சம்பாதித்ததை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, 1957 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். 49 வயது நிறையவில்லை. கொடுப்பதை மட்டும் அவரிடமிருந்து நீ கற்றுக்கொள்ள வேண்டாம். முன்பணம் வந்ததும் வாடகை பாக்கியை முதலில் கட்டு.

சரி, என் பதில் இதுதான். படத்தில் நடி, தேதி இடித்தால் குழுவில் பெரிய வேஷத்தைக் கொஞ்ச நாள் வேறு பையனுக்கு விட்டுக்கொடு. ஆனால் விலகுகிறேன் என்று சொல்லாதே. சின்ன வேஷமாவது வைத்துக்கொள், வாரம் ஒரு ஒத்திகைக்காவது போ. உன் சீன்களை இயக்குநரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, குழுப் பையன்களோடு உட்கார்ந்து உன் பங்குக்கு எதையாவது எழுதிக்கொண்டு போ. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், நஷ்டம் ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் உங்கள் நாடகம் எந்தத் தேதி என்று அப்பாவுக்கு மெசேஜ் போடு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் இப்போதே வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது.

அன்புடன்,
அம்மா