டைல்ஸ் கலர் அப்புறம் பார்க்கலாம், அடியில் எதை வைத்து ஒட்டுகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வீடு கட்டுபவர்களுக்காக உங்கள் பத்திரிகையில் வருகிற பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவள் நான். டைல்ஸ் பற்றி எத்தனையோ முறை எழுதிவிட்டீர்கள். எந்த நிறம் போட்டால் கூடம் பெரிதாகத் தெரியும், பூஜை அறைக்கு எது பொருந்தும், பளபளப்பு நல்லதா சொரசொரப்பு நல்லதா என்று எல்லாம் வந்தது. ஆனால் அந்த டைல்ஸை எதை வைத்து ஒட்டுவது, இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை எதை வைத்து அடைப்பது என்று ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் ஓட்டு வீடு போனது. அடுத்த வருஷம் கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டினோம். கூடத்துக்கு இரண்டுக்கு நாலு அடி விட்ரிஃபைடு டைல்ஸ் (தண்ணீர் உறிஞ்சாத, கெட்டியான ரகம்), பார்த்துப் பார்த்து வாங்கியது. போட வந்தவர் வழக்கமாகப் போடுகிற மாதிரியே மணல் கலவையை விரித்து, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிவிட்டுப் போனார். இடைவெளியே தெரியக் கூடாது, அப்போதுதான் அழகு என்று நாங்களும் சொன்னோம், அவரும் ஒட்ட ஒட்ட வைத்தார். மூன்றாம் வருஷம் மே மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும், கூடத்தில் வெடி வெடித்த மாதிரி சத்தம். திண்ணையில் படுத்திருந்த மாமியார் கேஸ் சிலிண்டர்தான் போய்விட்டது என்று அலறிக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் நடு வரிசையில் இரண்டு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டி, கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. மற்றதைத் தட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் டொக் டொக் என்றது.

அந்த டைல்ஸில் ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. பின்பக்கம் கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, ஒரு பொட்டு சிமெண்ட் ஒட்டவில்லை, அதில் இருந்த வெள்ளைப் பொடிகூடப் போகவில்லை. கீழே சிமெண்டில் மட்டும் டைல்ஸ் முதுகில் இருக்கிற கட்டம் கட்டமான வரி அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தது. மூன்று வருஷமும் டைல்ஸ் அங்கே உட்கார்ந்துதான் இருந்திருக்கிறது, ஒட்டவே இல்லை.

இரண்டாம் முறை போட வந்த தம்பி இதை எனக்கு ஒரு ஸ்பூன் தண்ணீரில் விளக்கிக் காட்டினார். "அக்கா, ரெண்டையும் திருப்பி வையுங்க" என்று அடுப்படிச் சுவருக்கு வாங்கிய செராமிக் டைல்ஸ் ஒன்றையும் கூடத்து விட்ரிஃபைடு ஒன்றையும் கவிழ்த்து வைத்து, இரண்டின் முதுகிலும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டார். செராமிக் கண் முன்னாலேயே குடித்துவிட்டது. விட்ரிஃபைடில் தண்ணீர் முத்து முத்தாக அப்படியே நின்றது. சுவர் செராமிக் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும், விட்ரிஃபைடு அரை சதவீதம்கூட உறிஞ்சாது. சிமெண்ட் பால் பிடிக்க வேண்டுமென்றால் அது டைல்ஸுக்குள் கொஞ்சமாவது இறங்கி வேர் விட வேண்டும். உறிஞ்சாத டைல்ஸில் எங்கே இறங்கும்? அதற்குத்தான் பாலிமர் என்கிற, பிடிப்புக் கொடுக்கிற ரசாயனம் சேர்த்த டைல்ஸ் பசை வந்திருக்கிறது. அது உள்ளே இறங்காமலே மேல்பரப்பைப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் டைல்ஸ் விரிந்து சுருங்கும்போது கொஞ்சம் இழுத்துக் கொடுக்கவும் செய்யும்.

சரி, பசை என்று கடையில் கேட்டால் ஐந்தாறு விலையில் மூட்டையைக் காட்டுகிறார்கள். எது நம்முடையது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. டைல்ஸ் பசைக்கு ஐஎஸ் 15477 என்று இந்தியத் தரம் உண்டு, 2019இல் அதைத் திருத்தி டைப் 1 முதல் டைப் 5 வரை பிரித்திருக்கிறார்கள். மோட்டாவாகச் சொன்னால், வீட்டுக்குள் சாதாரண செராமிக்குக்கு டைப் 1 போதும். தரையில் விட்ரிஃபைடு என்றால் டைப் 2இலிருந்து தொடங்க வேண்டும். பெரிய பெரிய விட்ரிஃபைடை சுவரில் ஏற்றுவதற்கும், வெளிச்சுவருக்கும், பழைய டைல்ஸ் மேலேயே புதிதாக ஒட்டுவதற்கும் டைப் 3. கனமான கல்லுக்கும் அதிகப் பளு தாங்க வேண்டிய இடத்துக்கும் டைப் 4. கண்ணாடி, இரும்பு மாதிரி விசேஷப் பரப்புக்கு டைப் 5. ஒவ்வொரு கம்பெனியும் தன் மூட்டையில் எதற்குப் போடலாம் என்று எழுதியிருக்கும், கடைசியில் அதைத்தான் நம்ப வேண்டும். விலையை வைத்து மட்டும் எடுக்காதீர்கள். குளியலறைச் சுவரில் ஒரு அடி செராமிக் ஒட்ட டைப் 4 வாங்குவது காசைக் கரைப்பது, கூடத்து விட்ரிஃபைடுக்கு டைப் 1 வாங்கினால் நாங்கள் பட்டதுதான் நடக்கும். வெள்ளை மார்பிள், கண்ணாடி மொசைக் இதற்கெல்லாம் வெள்ளை நிறப் பசை என்று கேட்டு வாங்குங்கள், சாம்பல் நிறப் பசை மேலே நிழல் மாதிரி தெரியும்.

நல்ல பசை வாங்கியும் கெட்டுப்போன வீடுகளை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். பசையைச் சிமெண்ட் மாதிரி கையாளுவதுதான் காரணம். மூட்டையில் போட்டிருக்கிற அளவுக்குத்தான் தண்ணீர். கலக்கி ஐந்து, பத்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி ஒருமுறை கலக்க வேண்டும். இறுகிப்போனால் மறுபடி தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது. வரவு கூடட்டும் என்று பசையில் அரை மூட்டை சிமெண்டைக் கொட்டிக் கலக்குகிறவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன், கொடுத்த காசு அப்போதே போச்சு. டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம். விட்ரிஃபைடு முதுகில் இருக்கிற வெள்ளைப் பொடியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

அந்தத் தம்பி வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தரையைக் கூட்டி, துடைத்து, ஒரு பக்கம் சீப்பு மாதிரி பல் வெட்டிய கரணையால் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழுத்தார். டைல்ஸ் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு. வைத்து அழுத்தி, கோட்டுக்குக் குறுக்காக லேசாக அசைத்தார். மூன்றாவது டைல்ஸை வைத்தவர் அதை அப்படியே தூக்கித் திருப்பிக் காட்டினார், முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தது, மூலையில் மட்டும் உள்ளங்கை அகலம் வெற்றிடம். "பார்த்தீங்களா அக்கா, இந்த மூலைதான் நாளைக்கு உடையும்" என்று சொல்லி அதை மறுபடி பூசி வைத்தார். முன்னால் வந்தவர் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை கலவை வைத்துச் சுவர் டைல்ஸை ஒட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உருண்டைக்கு உருண்டை நடுவில் வெறும் காற்றுதான் இருக்கும், குளியலறையில் அங்கே தண்ணீர் போய்த் தங்கும்.

நம் ஊர் மே மாதத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். விரித்த பசை சுமார் 20 நிமிஷம் வரை ஒட்டும் பதத்தில் இருக்கும் என்பது கணக்கு. வெயிலிலும் ஃபேன் காற்றிலும் அதற்கு முன்பே மேலே ஆடை கட்டிவிடும். விரலை வைத்தால் பசை விரலில் ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை என்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், மேலேயே இன்னொரு பூச்சு பூசிச் சமாளிக்கக் கூடாது.

அளவும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்குத் தெரியாமல் பாதியில் பசை தீர்ந்துதான் சிமெண்டைக் கலக்கத் தோன்றுகிறது. 20 கிலோ மூட்டை, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு 40 முதல் 50 சதுர அடி வரை வரும். பெரிய டைல்ஸுக்குக் கனம் கூடும், வரவு குறையும். எங்கள் 380 சதுர அடிக் கூடத்துக்கு 11 மூட்டை பிடித்தது. தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் முதலில் கலவை போட்டு மட்டம் பிடித்து, காயவிட்டு, அப்புறம்தான் பசை. ஒரு அங்குலப் பள்ளத்தைப் பசையால் நிரப்ப நினைத்தால் காசும் போகும், வேலையும் நிற்காது.

இனி இடைவெளி. டைல்ஸுக்கு நடுவில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளி ஒரே அளவாக இருக்க வைக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டு) வைத்துத்தான் போட வேண்டும் என்று இந்த முறை நானே பிடிவாதமாக நின்றேன். சுவரை ஒட்டி நாலு பக்கமும் சின்ன சந்து விடச் சொன்னேன், சுவர் அடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் பட்டை வந்து அதை மூடிவிடும், கண்ணுக்கே தெரியாது. டைல்ஸ் விரிவதற்கு இடம் இருந்தால் கூரை மாதிரி தூக்காது.

அதை அடைக்க வெறும் ஒயிட் சிமெண்ட் போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. ஒரே வருஷத்தில் விரிசல் விட்டு, மஞ்சளாகி, துடைப்பம் பட்டுப் பட்டு உதிர்ந்துவிடும். கூடம், படுக்கையறைக்கு பாலிமர் சேர்த்த சிமெண்ட் கிரவுட் (இடைவெளி அடைக்கிற கலவைக்குக் கிரவுட் என்று பெயர்) தாராளமாகப் போதும், எல்லா இடத்துக்கும் எபாக்ஸி, அதாவது சிமெண்டுக்குப் பதில் ரசாயனப் பிசினால் ஆன கிரவுட், போடுங்கள் என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். எபாக்ஸி தேவைப்படுகிற இடம் வேறு. அடுப்புக்குப் பின்னால் மஞ்சளும் எண்ணெயும் தெறிக்கிற சுவர், பாத்திரம் தேய்க்கிற இடம், குளியலறைத் தரை, கழிவறை. கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட் சிமெண்ட் கிரவுட்டைத் தின்றுவிடும், எபாக்ஸியில் அந்தப் பாச்சா பலிக்காது. ஆனால் எபாக்ஸி போடுவது பொறுமை வேண்டிய வேலை. ரெசின் என்கிற பிசின், அதை இறுக்குகிற ஹார்டனர், பொடி மூன்றையும் கொடுத்த அளவில் கலந்து, அரை மணி முக்கால் மணிக்குள் தீர்க்கிற அளவு மட்டும் கலக்க வேண்டும், டைல்ஸ் மேல் படிந்ததை அப்போதே ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிசுக்குப் படலம் லேசில் போகாது.

எபாக்ஸி அடைத்துவிட்டால் தண்ணீர் இறங்காது என்று நினைத்துக் குளியலறையில் கீழே வாட்டர் ப்ரூஃப் பூச்சை விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். கிரவுட் இடைவெளியை அடைக்கத்தான், தண்ணீரைத் தடுப்பது அடியில் இருக்கிற பூச்சும் சரியான வாட்டமும். சுவரும் தரையும் சேருகிற மூலையில் எந்தக் கிரவுட்டும் நிற்காது, அங்கே ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கிற சிலிகான் பசைதான்.

நம் டெல்டாவுக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது, அதை வெளியூர்க்காரர்கள் எழுதுவதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்தால் வீட்டுக்கு அடியில் ஈரம் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஏறும். காலையில் எழுந்து பார்த்தால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், கிரவுட் மாவு மாதிரி உதிரும். கடற்கரைப் பக்கம் நாகப்பட்டினம், வேதாரண்யம் எல்லாம் நிலத்தடி நீரே உப்பு, அங்கே இன்னும் மோசம். உடனே கிரவுட் சரியில்லை, பசை சரியில்லை என்று அதைச் சுரண்டி மறுபடி அடைக்கிறார்கள், அடுத்த மழைக்கு மறுபடி பூக்கிறது. ஈரம் கீழேயிருந்து வருகிறது, மேலே எதை அடைத்தும் பயனில்லை. தரைக் கான்கிரீட் போடும்போதே அடியில் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை விரித்து, ஓரத்தைச் சுவர் வரைக்கும் ஏற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, இங்கே களிமண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். புது வீட்டில் உள்ளே கொட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகத் திமிசு போடாமல் அவசரமாகத் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டினால், தளம் இறங்கும்போது டைப் 4 போட்டிருந்தாலும் சேர்ந்துதான் இறங்கும்.

இதையெல்லாம் எழுத நான் இன்ஜினியர் இல்லை. இரண்டு முறை காசு கொடுத்துத் தெரிந்துகொண்டது. நான் வாங்கிய மூட்டையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, எவ்வளவு தண்ணீர், எந்த டைல்ஸுக்கு, எத்தனை நிமிஷம் என்பது ஒரு வார்த்தைகூடத் தமிழில் இல்லை. கலக்குகிற சித்தாளம்மாவுக்கு அதில் படம் மட்டும்தான் தெரிந்தது, பள்ளிக்கூடம் போகிற என் மகன்தான் வாசித்துச் சொன்னான். கம்பெனிகள் தமிழில் அச்சடிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதினால் அவர்கள் காதில் விழும், நான் கடையில் கேட்டால் விழாது. அது நடக்கும்வரை உங்கள் பக்கத்திலேயே அரைப் பக்கம் ஒதுக்கி, எந்த டைல்ஸ், எந்த இடம், எந்தப் பசை, எந்தக் கிரவுட் என்று வெட்டி எடுத்து வேலை நடக்கிற சுவரில் ஒட்டிவைக்கிற மாதிரி பெரிய எழுத்தில் போடுங்கள். சம்பா அறுத்துக் கையில் காசு வந்து, மாசி பங்குனியில்தான் இங்கே பாதி வீடுகளில் வேலை ஆரம்பிக்கும், அதனால் தை மாதத்திலேயே போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.