'உஃப்'புக்கும் ஒரு பாடம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த மொழிக் கட்டுரையில், 'அரபி இலக்கணத்தில் சொல் மூன்றே வகை. உணர்ச்சிச் சொற்களுக்கு அங்கே இடமில்லை' என்று எழுதியிருந்தார்கள். முதல் பாதி சரி. இஸ்மு (பெயர்), ஃபிஃலு (வினை), ஹர்ஃபு (இடைச்சொல்) என்று மதரஸாவில் முதல் பாடத்திலேயே ஓதிக்கொடுத்துவிடுவோம். இரண்டாம் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சொற்களுக்கு 'இஸ்முல் ஃபிஃல்' என்று தனிப் பெயரே இருக்கிறது. பெயராக நின்று வினையின் வேலையைப் பார்ப்பவை. அவற்றையும் காலம் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். 'ஹைஹாத்த' இறந்தகாலம்: எங்கேயோ போய்விட்டது, இனி நடக்கிற கதையா என்பதுபோல. 'உஃப்' நிகழ்காலச் சலிப்பு; பெற்றோரிடம் இதைக்கூடச் சொல்லாதே என்று குர்ஆனில் 17:23 வசனம் தடுப்பது இதைத்தான். 'ஆமீன்' ஏவல்: ஏற்றுக்கொள் என்பது. பாங்கில் ஊரே கேட்கிற 'ஹய்ய அலஸ் ஸலாஹ்' (தொழுகைக்கு வாருங்கள்) என்பதிலுள்ள 'ஹய்ய'வும் ஏவல்; அழைக்கப்படுவது ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ, அது மாறாது. வினையாக இருந்தால் மாறியிருக்கும்.

எனக்குப் பிடித்தது 'ஸஹ்'. பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சை நிறுத்து என்று பொருள். தன்வீன், அதாவது சொல்லின் கடைசியில் வரும் 'ன்' ஒலி, சேர்த்து 'ஸஹின்' என்றால் எந்தப் பேச்சுமே வேண்டாம். அதன் பிறகும் பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்டால், 'ஏம்ப்பா, தன்வீன் காதுல விழலையா?' என்பேன்.

தன்வீன் பெயர்ச்சொல்லுக்கே உரியது என்பதால் ஈராக்கின் பழைய இலக்கணப் பள்ளிகளில் பஸ்ராக்காரர்கள் இவற்றை இஸ்மு என்றார்கள். கூஃபாக்காரர்கள் ஃபிஃலுதான் என்றார்கள். இரண்டும் வேண்டாமென்று 'காலிஃபா' என நான்காம் வகை கண்டவர் அபூ ஜஅஃபர் இப்னு ஸாபிர். எகிப்து அறிஞர் தம்மாம் ஹஸ்ஸான் 1973இல் அந்தப் பெயரை மறுபடி எடுத்து, சொல்லை ஏழு வகையாக்கினார். ஏழு கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

1274இல் மறைந்த இப்னு மாலிக்கின் இலக்கணச் செய்யுள் நூலான அல்ஃபிய்யா ஏறத்தாழ ஆயிரம் பைத்துகள் (செய்யுள்கள்). அதில் இவற்றுக்கென்றே ஒரு பாடம். வெறும் ஓசைச் சொற்களும் அதே பாடத்தில்தான் வருகின்றன. கோவேறு கழுதையை அதட்ட 'அதஸ்', காகம் கரைவதற்கு 'காக்' என்றெல்லாம் உஸ்தாதுமார் அந்த இடத்தில் உதாரணம் சொல்வார்கள்.

அடுத்த முறை அரபி பற்றி எழுதுமுன், அல்ஃபிய்யா ஓதிய ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரிலேயே தெருவுக்கு ஒருவர் இருக்கிறோம்.

ஓய்வுபெற்ற அரபி ஆசிரியர்,
காயல்பட்டினம்