பன்னிரண்டு பேர் போதாது: டபிள்யூ.என்.பி.ஏ. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

இண்டியானாபொலிஸ்
அக்டோபர், 2025

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் கமிஷனர் கேத்தி எங்கல்பர்ட் அவர்களுக்கும், பதின்மூன்று அணிகளின் உரிமையாளர்களுக்கும், வீராங்கனைகள் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக் கோப்பை லாஸ் வேகஸ் ஏசஸ் அணிக்குப் போய்விட்டது. இறுதிச் சுற்றில் ஃபீனிக்ஸ் மெர்குரிக்கு ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுக்காமல் 4-0 என்று ஜெயித்தார்கள். ஏசஸின் எய்ஜா வில்சன் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் அதில் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. நான் எழுத வந்தது அவர்களிடம் அரையிறுதியில் தோற்ற எங்கள் ஊர் இண்டியானா ஃபீவர் அணியைப் பற்றி. செப்டம்பர் 30 அன்று ஐந்தாவது ஆட்டம், ஓவர்டைம், 107-98. அந்த ராத்திரி ஆடுகளத்தில் எங்கள் பக்கம் யார் மிச்சம் இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

உங்களுக்கும் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் இந்த மாதம் 31-ம் தேதியோடு முடிகிறது. சம்பளம், வருமானத்தில் பங்கு என்று பெரிய பேச்சுகள் நடக்கின்றன. அந்த மேசையில் யாரும் உரக்கப் பேசாத ஒன்றை, அணிகளில் ஆள் போதாமல் இருப்பதை, பேசத்தான் இந்த மடல். தமிழில் எழுதியிருக்கிறேன். கூடைப்பந்து பார்க்கிற எங்கள் சனங்கள் முதலில் படிக்கட்டும், உங்கள் காதுக்கு யாராவது கொண்டு சேர்க்கட்டும்.

எங்கள் அணியின் நட்சத்திரம் கேட்லின் கிளார்க்கைப் பற்றி உலகத்துக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியிலும் முதல் வருட டபிள்யூ.என்.பி.ஏ.விலும் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாதவர், இந்த சீசனில் 44-ல் 13 ஆட்டம்தான் ஆடினார். முதலில் தொடை, பிறகு இடுப்புக்குக் கீழே இடது பக்கம், ஜூலை 15 அன்று பாஸ்டனில் அதே இடத்தில் வலது பக்கம். அதோடு சரி. அவர் இல்லாவிட்டால் ஃபீவர் படுத்துவிடும் என்று எழுதிவைத்தவர்கள் நிறையப் பேர். படுக்கவில்லை. ஜூலை 1 அன்று மினசோட்டாவில், லீக்கிலேயே முன்னணியில் இருந்த லிங்க்ஸை 74-59 என்று தோற்கடித்து சீசன் நடுவே நடக்கும் தனிப் போட்டியான கமிஷனர் கோப்பையைத் தூக்கி வந்தார்கள். அன்றும் கிளார்க் சாதாரண உடையில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்டில்தான் இடி விழுந்தது. 7-ம் தேதி ஃபீனிக்ஸில் நடந்த ஒரே ஆட்டத்தில் ஆட்டத்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டுகள் இரண்டு பேர் போனார்கள். சிட்னி கோல்சனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, ஆரி மெக்டொனால்டுக்குப் பாதத்தில் எலும்பு முறிந்தது. பத்து நாள் கழித்து கனெக்டிகட்டில் சோஃபி கன்னிங்ஹாமின் முழங்காலில் எதிரணி வீராங்கனை உருண்டு விழ, அவருடைய சீசனும் முடிந்தது. (அந்த ஆட்டத்தில் 21 புள்ளி பின்தங்கியிருந்து ஓவர்டைமில் ஜெயித்தார்கள். கெல்சி மிட்செல் 38 புள்ளி. கொண்டாடுவதா, தலையில் கைவைத்துக்கொள்வதா என்று தெரியாத ராத்திரி அது.) பிறகு க்ளோயி பிபிக்கு முழங்கால். கிளார்க்கையும் சேர்த்து ஐந்து பேருக்கு சீசன் முடிந்துவிட்டது. சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபில் டமிரிஸ் டாண்டாஸும் தலையில் அடிபட்டு வெளியே.

ஒரு அணியில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர் என்பது உங்கள் விதி. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இந்த ஆண்டு 15 லட்சத்து 7 ஆயிரத்து 100 டாலர். அதை ஒரு டாலர்கூடத் தாண்ட முடியாது என்பதால் பல அணிகள் பதினோரு பேரோடே ஓட்டுகின்றன. பன்னிரண்டில் ஐந்தைக் கழித்துப் பாருங்கள். பயிற்சியில் ஐந்துக்கு ஐந்து ஆடவே ஆள் தேறாது.

எங்கள் ஊர் கெய்ன்பிரிட்ஜ் அரங்கில் ஆகஸ்ட் கடைசியில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்குக் கண்ணை உறுத்தியது அந்த பெஞ்ச்தான். ஜெர்சி போட்டவர்களும் ஜீன்ஸ் போட்டவர்களும் கிட்டத்தட்ட சரிபாதி. டைம் அவுட் கேட்டதும் ஆடுகளத்திலிருந்து வந்த ஐந்து பேருக்கு நாற்காலி விட்டு எழுந்து நின்றவர்களில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டு எழுந்தார்கள். கத்திக் கத்தி உற்சாகப்படுத்தினார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் பயிற்சியாளர் ஸ்டெஃபனி ஒயிட் திரும்பிப் பார்த்து யாரை உள்ளே அனுப்புவது?

ஆள் குறைந்தால் மாற்று ஆள் எடுக்கத்தான் விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆட முடிந்தவர்கள் பத்துக்குக் கீழே போனால் அவசர ஒப்பந்தத்தில் ஒருவரை எடுக்கலாம். அடிபட்டவர் திரும்பினால் வந்தவரை அனுப்பிவிட வேண்டும். ஆரி மெக்டொனால்டை ஜூன் தொடக்கத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். மூன்று ஆட்டம் நன்றாக ஆடினார். கிளார்க் திரும்பியதும் விதிப்படி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதக் கடைசியில் டிவானா பானர் விலகி இடம் காலியானதும் மறுபடி கூப்பிட்டார்கள். வந்தார், ஆடினார், ஆகஸ்டில் பாதம் உடைந்தது. கூலிக்கு ஆள் கூப்பிடும் முச்சந்தியில்கூட இதைவிடக் கொஞ்சம் உத்தரவாதம் கிடைக்கும்.

அவருக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர் ஒடிசி சிம்ஸ். அணிகள் புது வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014-ல் இரண்டாவதாகத் தேர்வானவர். ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் அணி விட்டுவிட, வீட்டில் இருந்தவர். ஆகஸ்டில் ஒரு அழைப்பு, பெட்டியைக் கட்டிக்கொண்டு இண்டியானாபொலிஸ். அணியின் ஆட்ட முறைகளைப் படிக்க ஒழுங்கான பயிற்சி நாள்கூடக் கிடைக்கவில்லை, ஆட்டங்களுக்கு நடுவேதான் படித்தார். அவரைப் போல ஷே பெடி, ஏரியல் பவர்ஸ். இந்த ஒட்டுப்போட்ட அணி 24 வெற்றி, 20 தோல்வியோடு ஆறாம் இடம் பிடித்து பிளே ஆஃபுக்குள் போனது. முதல் சுற்றில் 30 வெற்றி பெற்ற அட்லாண்டாவை, அவர்கள் ஊரிலேயே மூன்றாவது ஆட்டத்தில் 87-85 என்று சாய்த்தது. கடைசி ஏழு நொடி சொச்சத்தில் அலியா பாஸ்டன் கூடைக்கு அடியில் போட்ட பந்து, அதன் பிறகு லெக்ஸி ஹல் பறித்த பந்து. 2015-க்குப் பிறகு ஃபீவர் ஜெயித்த முதல் பிளே ஆஃப் தொடர் அது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது வருகிறது.

பிளே ஆஃபில் ஃபீவர் ஆடியது செப்டம்பர் 14 முதல் 30 வரை, பதினேழு நாளில் எட்டு ஆட்டம். அட்லாண்டா, இண்டியானாபொலிஸ், மறுபடி அட்லாண்டா, அங்கிருந்து வேகஸ், மறுபடி இண்டியானாபொலிஸ். 28-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே நான்காவது ஆட்டம். 90-83 ஜெயித்தோம், அலியா பாஸ்டன் 24 புள்ளி, 14 ரீபவுண்ட். 30-ம் தேதி செவ்வாய் வேகஸில் ஐந்தாவது. நடுவே ஒரே ஒரு நாள், அதுவும் நாட்டின் பாதியைத் தாண்டிப் பறக்கிற நாள்.

ஐந்தாவது ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் கெல்சி மிட்செல் கீழே உட்கார்ந்தார். யாரும் இடிக்கவில்லை, வழுக்கவில்லை. உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. கால்கள் சில நொடி அசையவே இல்லை என்றும், தசைகள் தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டன என்றும் பிறகு அவரே எழுதினார். ராப்டோமயோலிசிஸ் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அளவுக்கு மீறி உழைத்த தசை உடைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலக்கிற நிலை. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைத் தாக்கும். மிட்செல் இந்த சீசனில் 44 ஆட்டத்தில் ஒன்றையும் விடவில்லை. ஆட்டத்துக்கு சராசரி 20 புள்ளி. அவருக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுக்கலாம் என்று அணி நினைத்திருந்தாலும், அந்த இடத்தில் நிற்க ஆள் இல்லை. நான் மருத்துவர் அல்ல. இதுதான் காரணம் என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் அந்த உடம்பு என்ன கணக்கைக் காட்டியது என்று புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

மிட்செல் போன பிறகும் ஆட்டம் விடவில்லை. சிம்ஸ் 27 புள்ளி அடித்தார். நான்காம் கால்பகுதியின் கடைசியில் பாஸ்டனும் ஆறாவது ஃபவுலோடு வெளியேறினார். ஓவர்டைமில் ஆடிய எங்கள் அணியில் மே மாதம் சீசனைத் தொடங்கியவர்களைத் தேட வேண்டியிருந்தது.

மறுநாளே உங்கள் தொலைக்காட்சிக் கூட்டாளிகள் ஆரம்பித்துவிட்டார்கள்: போராட்டக் குணம், விடாமுயற்சி, பெண்களின் மனவலிமை. வீராங்கனைகளுக்கு அந்தப் பாராட்டு தகும். உங்களுக்குத் தகாது. ஆள் போடாமல் வீட்டு வேலை முழுவதையும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, அவள் எவ்வளவு பொறுமைசாலி என்று ஊரெல்லாம் சொல்கிற மாமியாரை எங்கள் தெருக்களில் நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

கணக்குக்கு வருகிறேன். 1997-ல் லீக் தொடங்கியபோது சீசனுக்கு 28 ஆட்டம். நெடுங்காலம் 34. 2022-ல் 36, 2023-ல் 40, இந்த ஆண்டு 44. மே 16-ல் தொடங்கி செப்டம்பர் 11-ல் முடித்தீர்கள், நான்கு மாதம்கூட முழுசாக இல்லை. இறுதிச் சுற்றையும் ஏழு ஆட்டமாக நீட்டினீர்கள். ஆட்டம் கூடியது, டிக்கெட் கூடியது, ஆள் மட்டும் கூடவில்லை.

ஆண்கள் இதைவிட நெருக்கி ஆடுகிறார்களே என்று ஒரு பதில் வரும். உண்மைதான். என்.பி.ஏ.வில் 82 ஆட்டத்தை ஆறு மாதத்துக்குள் முடிக்கிறார்கள். நாள் கணக்கு பார்த்தால் அவர்களுடையதுதான் நெருக்கம். ஆனால் அங்கே அணிக்குப் பதினைந்து பேர், அதற்கு மேல், கீழ்நிலை லீக்கிலும் ஆடுகிற இருவழி ஒப்பந்தத்தில் மூன்று பேர். நட்சத்திரத்துக்கு முழங்கால் வலித்தால் பதினாறாவது ஆள் வந்து நிற்பான். சீசன் முடிந்தால் ஓய்வு. நம் வீராங்கனைகளில் பலர் செப்டம்பரில் முடித்துவிட்டுத் துருக்கிக்கோ, மியாமியில் நடக்கும் மூன்றுக்கு மூன்று லீக்குக்கோ கிளம்புகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 66,079 டாலர், உச்சபட்சம் 2,49,244 டாலர் என்று வைத்தால் வேறென்ன செய்வார்கள்? முழங்கால் தசைநார் கிழிவது பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பழைய செய்தி. ஆக, அதிக ஆபத்து உள்ள இடத்தில் குறைந்த ஆளை வைத்திருக்கிறீர்கள்.

பணம் இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. அடுத்த ஆண்டிலிருந்து பதினொரு வருடத்துக்கு 220 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம். கிளீவ்லாந்து, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா அணிகள் லீக்கில் நுழைவதற்கே தலா 25 கோடி டாலர். எங்கள் அரங்கில் 2023-ல் நாலாயிரம் பேர் வந்த இடத்தில் 2024-ல் சராசரி பதினேழாயிரம். 2024-ல் எல்லா அணிக்கும் தனி விமானம் கொடுத்தீர்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. அதையும் பல வருடம் முடியாது முடியாது என்றுதான் சொன்னீர்கள்.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஜூலையில் இதே ஊரில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில், எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு வந்தீர்கள். அரங்கமே உங்களோடு சேர்ந்து கத்தியது. அந்தக் கோரிக்கை நியாயம். ஆனால் பேரம் முற்றும்போது, இருக்கிற பன்னிரண்டு பேருக்கு அதிகச் சம்பளமா, பதினைந்து பேருக்குப் பகிர்ந்த சம்பளமா என்ற கேள்வி வரும். ஓட்டுப் போடுபவர்கள் எல்லாம் ஏற்கெனவே பட்டியலில் இடம் பிடித்தவர்கள். வெளியே நிற்பவருக்கு ஓட்டு இல்லை. அங்கேதான் எனக்கு பயம். ஒவ்வொரு ஏப்ரலிலும் டிராஃப்டில் பெயர் வாசிக்கப்பட்டு, மே மாதம் பயிற்சி முகாமிலேயே கழற்றிவிடப்படும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் உட்கார வேண்டிய நாற்காலிகளைத்தான் நான் கேட்கிறேன். டொரொன்டோவும் போர்ட்லாந்தும் புது அணிகளாக வருகின்றனவே என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். அணி கூடினால் வேலை கூடும், ஒரு அணிக்குள் இருக்கும் நெருக்கடி குறையாது.

எனவே மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்கிறேன். அணிக்குப் பதினைந்து பேர். உடனே முடியாவிட்டால் பதினான்கு, அதோடு ஊரிலேயே தங்கிப் பயிற்சி எடுக்கிற இருவர். நீண்ட காயம் என்று மருத்துவர் சொன்னால் அந்த வீராங்கனையைத் தனிப் பட்டியலுக்கு மாற்றவும், அவருடைய சம்பளத்தை உச்சவரம்பிலிருந்து விலக்கவும் வழி. பிளே ஆஃபில் ஊர் மாறினால் நடுவே இரண்டு நாள். மூன்றாவதற்குச் செலவே கிடையாது, ஒளிபரப்பு நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். அதைச் செய்யத்தான் நீங்கள் அதிகம் முரண்டு பிடிப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

31-ம் தேதிக்குள் முடிக்க முடியாமல் பேச்சு நீண்டாலும் பரவாயில்லை, காத்திருப்போம். இவை இல்லாத ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து சரித்திர சாதனை என்று அறிவிக்க மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஃபீவர் ரசிகை ஒருத்தி