மங்கலான நட்சத்திரங்களும் காணாத பொருளும்

காரைக்குடி

அன்புள்ள மெய்யப்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே வளவு வீட்டுக்கு ஓடு மாற்றப் பங்காளிகள் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். விண்மீன் மண்டலங்களைச் சுற்றி மங்கலாகப் பரவிக் கிடக்கும் நட்சத்திரங்கள்தான் காணாமல் போன பொருளோ (இருண்ட பொருள் என்கிறார்களே, அதுதான்) என்று கேட்டிருந்தாய். அருமையான கேள்வி. 1970இல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு என்ற இரு வானியலாளர்கள் நம் பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமேடாவின் சுழற்சியை அளந்தார்கள். வெளி ஓரத்திலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் ஈர்ப்பு அதற்குப் போதாது. அப்படியானால் மிச்சம் எங்கே?

1994இல் என்ஜிசி 5907 என்ற மண்டலத்தைச் சுற்றி மிக மெல்லிய ஒளி தெரிந்தது. காணாத பொருள் எப்படிப் பரவியிருக்க வேண்டுமோ, ஏறக்குறைய அப்படியே அந்த ஒளியும் பரவியிருந்தது. எத்தனை பேர் நெஞ்சு படபடத்திருக்கும்! ஆனால் 1998இல் அதே மண்டலத்தைச் சுற்றி ஒரு நீண்ட வளைவு புலப்பட்டது. சிறிய மண்டலம் ஒன்றை என்ஜிசி 5907 இழுத்துச் சிதைத்ததில் சிதறிய நட்சத்திரங்கள் அவை. எனக்கு இதில் ஏமாற்றமே இல்லை. தேடியது ஒன்று, கிடைத்தது ஒரு மண்டலத்தின் வாழ்க்கை வரலாறு.

கணக்கையும் பார். நம் பால்வீதியைச் சூழ்ந்த அந்த மங்கல் நட்சத்திரங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 100 கோடி சூரியன்களின் எடைதான். பால்வீதியின் மொத்த எடையோ சுமார் 1 லட்சம் கோடி சூரியன். ஒளியே இல்லாத செத்த நட்சத்திரங்களாக இருக்கலாமே என்பாய். அதையும் விடவில்லை. 1990களில் நம் பால்வீதிக்கு அருகே உள்ள பெரிய மெகல்லன் முகில் என்ற சிறு மண்டலத்தின் நட்சத்திரங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். இருண்ட உடல் ஒன்று குறுக்கே போனால், அதன் ஈர்ப்பு ஒளியைக் குவிப்பதால், பின்னாலுள்ள நட்சத்திரம் சிறிது காலம் பிரகாசமாகும். அப்படி நடந்தது கொஞ்சம்தான். கணக்குக்குப் போதவில்லை.

ஆனாலும் அந்த மங்கல் நட்சத்திரங்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதே. அவை ஓடும் பாதையை வளைப்பது அந்தக் காணாத பொருள்தான். வளைவை அளந்தால் அதன் எடை தெரிகிறது. இருட்டுக்கு எடை போட நமக்குக் கிடைத்த தராசு அது. அப்புறம், அந்த ஒளியைப் படம் பிடிப்பதே பெரும்பாடு. இரவு வானத்தின் சொந்த வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அது தேறாது. இதற்காகவே வானியலாளர்கள் பீட்டர் வான் டொக்கமும் ராபர்ட்டோ ஏப்ரகாமும் பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த தொலைநோக்கியை விட்டு, கேமரா லென்ஸ்களைக் கூட்டிக் கட்டி ட்ராகன்ஃப்ளை என்ற தொலைநோக்கியை உருவாக்கினார்கள். பிரதிபலிக்கும் கண்ணாடியைவிட லென்ஸில் ஒளி சிதறுவது குறைவு.

என்ஜிசி 5907இன் படத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மண்டலத்தைவிட்டு வெகுதூரம் விலகிப் போகும் அந்த மெல்லிய கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சொக்கலிங்கம்